போஸ்ட்மேனில் ஓடுகிறது, பிரவுசரில் நிற்கிறது

கேள்வி: ஏபிஐ போஸ்ட்மேனில் ஒழுங்காகப் பதில் தருகிறது, பிரவுசரில் மட்டும் ‘கோர்ஸ்’ பிழை. குற்றவாளி யார்?

பதில்: பிரவுசர்தான்; ஆனால் அது தன் கடமையைத்தான் செய்கிறது. நெறிமுறை, டொமைன், போர்ட் மூன்றும் ஒத்தால்தான் ஒரே ஆரிஜின். லோக்கல்ஹோஸ்ட் 3000-இல் ஓடும் பக்கத்துக்கு 5000-இல் ஓடும் ஏபிஐ அந்நியம்; ஒரே கணினி என்ற உறவெல்லாம் செல்லாது. சாதாரண கெட் கோரிக்கைக்கு சர்வர் பதில் அனுப்பிவிடும். ‘அக்சஸ்-கன்ட்ரோல்-அலோ-ஆரிஜின்’ ஹெடர் இல்லையென்றால் பிரவுசர் அதை ஜாவாஸ்கிரிப்ட் கண்ணில் காட்டாது. போஸ்ட்மேனுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது.

டெலிட், ஜேசன் சுமந்த போஸ்ட் போன்றவற்றுக்கு முன்னால் ஒரு ‘ஆப்ஷன்ஸ்’ கோரிக்கை போகும். லாகின் சோதனை அதையும் மறித்து 401 கொடுத்தால் கதை முடிந்தது. எனவே கோர்ஸ் மிடில்வேர் லாகின் சோதனைக்கு முன்னால் இருக்க வேண்டும்.

அவசரக்காரர்கள் அலோ-ஆரிஜின் ஹெடரில் நட்சத்திரக் குறி போடுவார்கள். குக்கீயோடு வரும் கோரிக்கையில் பிரவுசர் அதை மதிக்காது. வந்த ஆரிஜினை அப்படியே திருப்பி எழுதுவது இன்னும் மோசம்: திருடனிடமே பெயர் கேட்டு அனுமதிச் சீட்டு எழுதும் வேலை. அனுமதித்த ஆரிஜின்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் எழுதி, ‘வேரி: ஆரிஜின்’ சேர்க்க வேண்டும்; இல்லையேல் கேஷ் ஒருவருக்கான பதிலை இன்னொருவருக்கு நீட்டிவிடும். ஆப்ஷன்ஸ் பதிலை 86400 நொடி வைத்திருக்கச் சொன்னாலும் குரோம் 7200-க்கு மேல் வைத்திருக்காது.