சிற்சபைக் கூரையும் தசமப் புள்ளியும்: மூளை நார்த்தட எண்களை முழுதாக்குவது குறித்து ஒரு வட்டார ஆய்வு

மனித உடலின் நரம்புத் தடங்களை முதலில் முழு எண்ணாக்கி வெளியிட்ட ஊர் சிதம்பரம் என்பது இக்கட்டுரையின் துணிபு. சான்று கூரைமேல் இருக்கிறது. நடராசர் கோயில் சிற்சபையின் பொன் ஓடுகள் 21,600, அவற்றில் அடித்த ஆணிகள் 72,000. ஓடுகள் ஒரு நாளின் மூச்சுகள், ஆணிகள் உடலின் நாடிகள் என்பது ஐதீகம். மூச்சுக் கணக்கைச் சரிபார்த்தோம். நிமிடத்துக்கு 15 வீதம் 1,440 நிமிடங்களுக்கு 21,600 வருகிறது. (ஆனித் தேர் இழுப்பவர்களின் மூச்சு இதில் சேராது.) நாடிகளை 71,986 என்று சொல்லாமல் ஆயிரத்தில் நிறுத்தியவர், ஆணி அடிப்பவரின் கஷ்டம் தெரிந்தவர்.

இன்றைய ஆய்வகங்களில் அந்தக் கருணை கிடையாது. மூளைக்குள் நீர் எந்தத் திசையில் எளிதாகப் பரவுகிறது என்று எம்.ஆர்.ஐ. கருவி அளக்க, அதைக்கொண்டு நார்கள் போகும் வழியைக் கணினி ஊகித்துப் புள்ளி வரிசையாக எழுதுகிறது. புள்ளிக்கு மூன்று எண்கள், மில்லிமீட்டரில். அளந்த கட்டத்தின் பக்கமே பெரும்பாலும் 2 மி.மீ. தான். அந்தப் புள்ளிகளைச் சேமித்த ஜேசான் கோப்பைத் திறந்தாலோ 12.300000190734863 என்று நிற்கிறது. 12.3 என்பதை 32 பிட்டில் அடைத்து 64 பிட்டில் வாசித்ததால் வந்த பிசிறு அது. மில்லிமீட்டரில் ஏழாம் தசமம் ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணு. பதினைந்தாம் தசமம் புரோட்டானைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சிறியது. இரண்டு மில்லிமீட்டரையே கலங்கலாகப் பார்க்கும் கருவிக்கு இவ்வளவு தன்னம்பிக்கை ஆகாது.

எத்தனை தசமம் வைக்கலாம்? காளஹஸ்தி, காஞ்சி ஏகாம்பரநாதர், சிதம்பரம் மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வருவதை எல்லோரும் படித்திருப்போம். ஒரு தசமத்தோடு நிறுத்தினால் மூன்றும் 79.7, செய்தி உண்மை. இரண்டு தசமம் போனால் சிதம்பரம் 79.69 ஆகிச் சற்றே மேற்கில் ஒதுங்கும், தகராறு தொடங்கும். தசமமே வேண்டாமென்றால் மூன்றும் 80. கூடவே சென்னை மெரினாவும் 80, கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டும் 80. பஞ்சபூதத் தலங்களோடு வஞ்சிரமும் ஒரே கோட்டில் வந்துவிடும். மூளையிலும் இதே கதை. முழு மில்லிமீட்டருக்கு முழுதாக்கினால் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வளைந்து போகும் நார் படிக்கட்டாகிவிடும். ஒரு தசமம் போதும். அதில் வரக்கூடிய பிழை 0.05 மி.மீ., அதாவது கட்டத்தின் நாற்பதில் ஒரு பங்கு.

எண்ணியதையும் அளந்ததையும் குழப்பக் கூடாது என்பது தனி விஷயம். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024இல் கரு மூளையின் 'தரணி' படத்தொகுப்பை வெளியிட்டபோது 5,132 வெட்டுகள் என்றே சொன்னது. எண்ணியதை முழுதாக்கத் தேவையில்லை. சிதம்பரத்தில் ஆணிகளை எண்ணியிருப்பார்கள். நாடிகளை எண்ணியது யார் என்பது வேறு ஆய்வு.

முழுதாக்கும்போது பாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் நிரல்மொழி இரட்டைப்படைப் பக்கம் தள்ளும்: 2.5 என்றால் 2, 3.5 என்றால் 4. ஏறியும் இறங்கியும் போவதால் மொத்தக் கணக்கு ஒரு பக்கம் சாயாது. கடலூர்–சிதம்பரம் சாலையின் மரபு வேறு. சில்லறை இல்லையென்றால் மிச்சம் எப்போதும் கண்டக்டர் பக்கமே முழுதாகும்.

இனி வடிவமைப்பு. பத்து லட்சம் நார், நாருக்கு நூறு புள்ளி என்றால் 30 கோடி எண்கள். பிசிறோடு எழுதினால் 6 ஜி.பி.யை நெருங்கும், ஒரு தசமத்தில், காற்புள்ளிக்குப் பின் இடம் விடாமல் எழுதினால் சுமார் 2 ஜி.பி. இந்த மிச்சத்தைக் கண்டு பூரித்தவர், கோப்பு பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இன்டென்ட் 4 என்று போட்டுவிடுகிறார். உடனே வரிக்கு ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் 12 வெற்றிடம். 30 கோடி எண்ணுக்கு 3.6 ஜி.பி. வெறும் வெளி, முழுதாக்கி மிச்சம் பிடித்தது அத்தனையும் அதில் போயிற்று. சிதம்பர ரகசியத்தில் திரையை விலக்கினால் தெரிவதும் வெளிதான், ஆனால் அங்கே தங்க வில்வ மாலையாவது தொங்குகிறது. கோப்பில் இன்டென்டை எடுத்துவிடவும்.