சாட்சி சொல்ல வரும் தம்பிக்கு

தம்பி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நடக்கப்போகும் பகிர்வுக் கூட்டத்தில் உன் விசுவாச அனுபவத்தைச் சொல்லப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று பங்குச்சாமி சொன்னார். ரொம்ப சந்தோஷம். போப் பிரான்சிஸ் 2021-இல் கூட்டொருங்கியக்கம் என்று ஒன்றைத் தொடங்கிவைத்து, ஓரத்தில் நிற்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர்கள் கதையைக் கேளுங்கள் என்று உலகம் முழுக்கச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். உரோமையில் இருந்தவருக்குச் சொல்வது சுலபம். நம்மூர்த் திருவிழாவை அவரா நடத்தினார்? இருந்தாலும் மேலிடத்து உத்தரவு, கேட்டுத்தான் ஆகவேண்டும். பங்குப்பேரவையில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்ற முறையில், எதைச் சொன்னால் எங்கள் காதில் விழும் என்பதை முன்கூட்டியே உனக்குச் சொல்லிவைக்கிறேன்.

குடியை விட்ட கதை இருந்தால் சொல். வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்ப் பிள்ளை வரம் வாங்கிய கதை, ஸ்கேனில் தெரிந்த கட்டி அடுத்த ஸ்கேனில் காணாமல்போன கதை, துபாய் விசா கடைசி நேரத்தில் கிடைத்த கதை, எல்லாம் தங்கமான சாட்சிகள். பெண்கள் அழுவார்கள், காணிக்கைத் தட்டு நிறையும். ஆண்டவர் உன்னை மாற்றினார் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல், அல்லேலூயா போடுகிறோம். எங்களையும் கொஞ்சம் மாற்றச் சொன்னார் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. அது சாட்சி இல்லை, அரசியல்.

நீ படித்த பையன், நாலு விஷயம் தெரிந்துவைத்திருப்பாய். அதுதான் எனக்குக் கவலை. வடக்கன்குளத்தை இழுக்காதே. அங்கே ஒரே பீடத்துக்கு இரண்டு கூடங்கள் கால்சட்டை மாதிரி பிரிந்து நிற்க, நடுவே சுவர் வைத்துக் கோயில் கட்டினார்கள். ஒரு காலில் வேளாளர், இன்னொரு காலில் நாடார். ஆண்டவருக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஆளுக்கு ஆள் தெரியாது. எவ்வளவு பக்குவமான ஏற்பாடு! 1910-இல் பாதிரியார் சுவரை இடித்தபோது நம் முன்னோர் என்ன செய்தார்கள்? பாவசங்கீர்த்தனமா? கோர்ட்டுக்குப் போனார்கள். கிறிஸ்தவன் ஆனபிறகு கோயிலுக்குள் சாதிக்குத் தனியிடம் கேட்கும் உரிமை கிடையாது என்பது மறைக்கல்வியில் தெரியாமல், சென்னை உயர் நீதிமன்றத்துத் தீர்ப்பில் தெரிந்துகொண்ட விசுவாசிகள் நாம்.

எறையூரும் வேண்டாம். ஊரின் பெரிய தெரு வழியாகப் பிணத்தைக் கொண்டுபோக முடியாத தலித் கத்தோலிக்கர்கள் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகளை அடித்து நொறுக்கியவர்களும் அதே செபமாலை மாதாவின் பிள்ளைகள்தான். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னால் யாருக்கு விசுவாசம் வளரும்? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலுள்ள சுவரையும் விட்டுவிடு. உயிர்த்தெழும் நாளில் யாருக்கு முன் யார் எழுந்திருப்பது என்று குழப்பம் வரக்கூடாது என்று பெரியவர்கள் யோசித்து வைத்தது. உனக்கு அந்த யோசனையின் ஆழம் புரியாது.

மறைசாட்சி தேவசகாயத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பாய். தாராளமாக. நீலகண்டன் என்ற பெயரில் உயர்சாதியில் பிறந்தவர், திருமுழுக்கு வாங்கியபிறகு எல்லாச் சாதியாரோடும் சமமாய்ப் பழகினார், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2012-இல் அருளாளர் பட்டம் கொடுக்கும்போது பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' ஒட்டிக்கொண்டிருந்தது. 2022 மே 15-இல் புனிதர் பட்டம் கொடுக்கும்போது அதை எடுத்துவிட்டார்கள். செத்து 270 வருடம் ஆன மனிதருக்குச் சாதி போய்விட்டது. உயிரோடிருப்பவர்கள் விஷயத்தில் அவசரப்படக்கூடாது. நம் திருவிழா உபகாரிகள் பட்டியலை நோட்டீசில் நீயே பார்த்திருப்பாய், எந்தத் தெருவிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை என்று உனக்கே தெரியும். உங்கள் ஆட்களிடம் திருவிழா வரி வாங்குவதில்லை என்று குறைப்படுகிறாயாம். திருச்சபை பணம் வேண்டாம் என்று சொல்லும் ஒரே இடம் அது ஒன்றுதான் தம்பி. அதற்காகவாவது எங்களைப் பாராட்டக்கூடாதா?

நீ பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆகஸ்ட் 10 வருகிறதே. 1950-இல் அதே தேதியில் போட்ட குடியரசுத் தலைவர் ஆணையில், இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்று எழுதினார்கள். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், கிறிஸ்தவர்களை இன்னும் சேர்க்கவில்லை. எவ்வளவு பெரிய அநியாயம்! அன்றைக்கு ஆயர் முதல் அன்பியத் தலைவர் வரை கறுப்புத்துணி கட்டிக்கொண்டு நிற்போம். அன்றைக்கு மைக் உனக்குத்தான். உன் பாட்டி பட்ட பாடு, உன் அப்பா குடித்த தனிக்குவளை, நீ ஹாஸ்டலில் கேட்ட வசவு, எல்லாவற்றையும் கொட்டு, கண்ணீர் வந்தால் இன்னும் நல்லது. மதம் மாறியும் எங்களைச் சாதி விடவில்லை என்று டெல்லியைப் பார்த்துச் சொல்லவேண்டும். டெல்லியைப் பார்த்து மட்டும். விடாத அந்தச் சாதி எந்தக் கோயிலில், எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று மேடையிலிருந்து கையை நீட்டினாயானால், உன் மைக்குக்குக் கரண்ட் இருக்காது.

புள்ளிவிவரமும் தேவையில்லை. இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடியில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் ஓர் ஆவணத்தில் எழுதிவைத்தது, சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டாயிற்று, அச்சடித்தாயிற்று, அலமாரியில் வைத்துமாயிற்று. இன்னும் என்ன? தோமையார் கி.பி. 52-இல் வந்தார் என்று சொல்லிக்கொள்கிறோம்; முதல் தலித் கர்தினால் ஐதராபாத்திலிருந்து 2022-இல் வந்துவிட்டார். நடுவே கொஞ்சம் தாமதம். உன் தலைமுறைக்குப் பொறுமை போதாது.

பாமாவின் 'கருக்கு' படித்தேன் என்று சொல்லி யாரையும் பயமுறுத்தாதே. கன்னியர் மடத்துக்குள் போய்ப் பார்த்து, வெளியே வந்து, 1992-இல் அந்த அம்மா எழுதியது சாட்சி இல்லாமல் வேறென்ன என்று எங்கள் பேரவையிலேயே ஒருவர் கேட்டார். அவரை இந்த வருடம் பேரவையில் சேர்க்கவில்லை. சமாரியப் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், அதுவும் ஆபத்து. தீண்டத்தகாத சாதிக்காரியிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்டார், அவள் போய் ஊருக்குச் சொன்னாள், ஊர் நம்பியது என்று நற்செய்தியில் வரும். நம்மூர்க் கிணற்றடியில் அது நடந்திருந்தால் முதலில் ஆண்டவரைத்தான் ஊரைவிட்டுத் தள்ளிவைத்திருப்போம். கேட்பவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடக்கூடாது.

கடைசியாக ஒன்று. தேர் ஏன் உங்கள் தெருவுக்கு வருவதில்லை என்று உரோமையிலிருந்தோ ஆயர் இல்லத்திலிருந்தோ வந்த யாராவது கேட்டால், மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறது, மாதா சொரூபத்தில் பட்டுவிடும் என்று சொல்லிவிடு. நாங்கள் வருடாவருடம் அதைத்தான் சொல்கிறோம். கம்பியை உயர்த்திக் கட்ட மின்வாரியத்துக்கு மனு கொடுக்க உங்கள் பையன்கள் கிளம்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அவர்களைத் தடுத்து நிறுத்து. மின்வாரியத்துக்காரன் பாட்டுக்கு நாளைக்கே வந்து கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டுப் போய்விட்டால், திருவிழாவுக்குள் நாங்கள் புதிதாக ஒரு காரணத்துக்கு எங்கே போவது?