எத்தனை விசில்?

பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை. விலை படிந்த மாடுகள் லாரி ஏறி கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று ஏதோ ஒரு சோதனைச் சாவடி வழியாகப் பாலக்காட்டுக்குள் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமையானால் அதே சாலையில், அதே திசையில், அவற்றைத் தின்ன ஆசைப்பட்ட ஆட்கள் பைக்கில் வருவார்கள். உள்ளூரிலேயே முடித்திருக்கலாம், ஆனால் உள்ளூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே.

நான் குடியிருப்பது கொழிஞ்சாம்பாறையில். கேரளம்தான், ஆனாலும் கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ். இறைச்சிக் கடைக்காரர் "போத்தா, காளையா?" என்று மலையாளத்தில் ஆரம்பித்து, "குழம்புக்கா, வறுக்கவா?" என்று தமிழில் முடிப்பார். இரண்டாவது கேள்வியில்தான் மதியச் சாப்பாட்டின் தலையெழுத்து இருக்கிறது. குழம்புக்கு என்றால் முன்னங்கால், கழுத்து, நெஞ்சு: உயிரோடு இருந்தவரை உழைத்துக்கொண்டே இருந்த பாகங்கள். அந்தத் துண்டுகளில் ஓடும் சவ்வைப் பார்த்து முகம் சுளித்து, "நல்ல சதையாப் போடுங்க" என்று வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். சாயங்காலம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தாடை வலி.

சவ்வில் இருப்பது கொலாஜன். 70 டிகிரிக்கு மேல் நிதானமாக வெந்தால் அது ஜெலட்டினாகக் கரைந்து, விரல் நுனி ஒட்டுகிற அளவுக்குக் குழம்புக்கு ஒரு கனத்தைக் கொடுக்கும். ஆனால் அதற்கு முன்னால் சதை சுருங்கி விறைத்துக்கொள்ளும். சட்டியில் வைத்து அரை மணி நேரத்தில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "கிழட்டு மாட்டைத் தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவது இந்தக் கட்டத்தில்தான். அடுப்பை அணைக்காமல் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால், அதே மாடு கன்றுக்குட்டியாகிவிடும்.

அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? அதற்குத்தான் குக்கர். பருப்புக்கு மூன்று விசில், கோழிக்கு இரண்டு, ஆட்டுக்கு ஐந்தாறு. மாட்டுக்கறி ஏழைத் தாண்டிப் போகும்போது சமையல் வீட்டு விவகாரமாக இல்லாமல் தெரு விவகாரமாகிவிடும். பொள்ளாச்சியில் வாடகைக்கு இருந்த காலத்தில், எட்டாவது விசிலுக்கு மாடி வீட்டம்மா எட்டிப் பார்ப்பார்.

"என்ன கண்ணு, இத்தன விசிலு?"

"கொண்டக்கடலைங்க."

"ராத்திரியே ஊறப் போடலியா?"

"மறந்துட்டமுங்க."

கடலை ஊறப்போடக்கூடத் தெரியாத குடும்பம் என்று அந்தத் தெருவில் எங்களுக்குப் பேர். கொழிஞ்சாம்பாறையிலும் பக்கத்து வீட்டுச் சேச்சி விசில் எண்ணத்தான் செய்கிறார். எண்ணிவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே, "ரெண்டு கூட விடு மோனே" என்பார். எல்லை தாண்டியதில் எனக்குக் கிடைத்த பெரிய விடுதலை இதுதான்.

கறி மெத்தென்று வர ஆளுக்கொரு வைத்தியம். பச்சைப் பப்பாளியை அரைத்துப் பிசறுவது உண்மையிலேயே வேலை செய்யும், அதிலுள்ள பாப்பெய்ன் புரதத்தை அறுத்துவிடும். அளவு மிஞ்சினால் துண்டும் இருக்காது, கூழ்தான். கொட்டாங்குச்சித் துண்டு ஒன்றைப் போடச் சொல்பவர்களும் உண்டு. அதனால் கறி மெத்தென்று ஆகி நான் பார்த்ததில்லை. யாராவது ஒரு விருந்தாளி அதை எலும்பென்று நினைத்துக் கடிப்பார், அவ்வளவே.

என் மாமியார் மூணாறில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். குக்கரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அதுல நடக்குறது சமையல் இல்ல மாப்ள, தண்டனை" என்பார். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று நம்பி இறக்கினால் கறி ரப்பர். அதனால் அவர் விடிந்ததும் விறகடுப்பில் ஏற்றிவிடுவார். இஞ்சியும் மிளகும் தாராளம்; தக்காளிக்கு அனுமதி இல்லை. பரிமாறியபின் பேச்சும் கூடாது. மாட்டுக் கொழுப்பு 40 டிகிரிக்கு இறங்கினாலே உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் குளிரில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் தட்டின் ஓரம் வெள்ளையாகி, மேலண்ணத்தில் மெழுகு பூசிவிடும். மிச்ச எலும்பெல்லாம் மரவள்ளிக் கிழங்கோடு சேர்ந்து கப்பை பிரியாணியாகும். இடுக்கியில் ஏஷ்யாடு என்பார்கள், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அண்டா அண்டாவாகக் கிண்டுவார்கள். கல்யாணத்தைவிட அதற்குக் கூட்டம் அதிகம்.

நான் இரண்டு கட்சிக்கும் பொதுவான ஆள். மஞ்சள், உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு போட்டுப் பிசறி, தண்ணீரே விடாமல் குக்கரில் பாதி வேக்காடு. கறி விடும் தண்ணீரே போதும். இன்னொரு பக்கம் தேங்காய் எண்ணெயில் தேங்காய்க் கொத்து சிவக்க வேண்டும், பிறகு சின்ன வெங்காயம், கை நிறையக் கருவேப்பிலை. மல்லித்தூளையும் மிளகாய்த்தூளையும் வெறும் சட்டியில் வறுக்கும்போது மட்டும் போன் வந்தாலும் எடுக்கக் கூடாது. பழுப்புக்கும் கருகலுக்கும் நடுவே ஒரே ஒரு தும்மல்தான் இடைவெளி, அந்தத் தும்மலும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். எல்லாவற்றையும் சேர்த்து, சோம்பு, பட்டை, கிராம்பு பொடித்துத் தூவி, மூடி போட்டுச் சிறு தீயில் விட்டால், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். கரண்டி விளிம்பால் அழுத்தினால் துண்டு நார் நாராகப் பிரிய வேண்டும்.

எண்ணெய் பிரியும் நேரம் பார்த்து பொள்ளாச்சியிலிருந்து மாமா வந்து இறங்குவார். வீட்டில் அவர் சொல்லிவிட்டு வரும் காரணம், லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை, கேரளத்தில் அரசாங்கமே நடத்துகிறது. ஆக எங்கள் குடும்பத்தில் சூதாடுவது பெரிய குற்றமில்லை, மாட்டுக்கறிதான் குற்றம். அத்தை வீட்டில் செவ்வாய், வெள்ளி முட்டைகூட வாசல் ஏறாது.

2017 மே 23 அன்று, சந்தையில் வெட்டுக்கு மாடு விற்கக் கூடாதென்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கேரளத்தில் தெருவுக்குத் தெரு மாட்டுக்கறித் திருவிழா. மே 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது, ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அந்த இடைப்பட்ட வாரங்களில் மாமாவின் சாப்பாட்டுக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. "சும்மா திங்கறேன்னு நெனச்சியா? இது உரிமைடா" என்பார். கொஞ்ச நேரத்தில் தட்டை நீட்டி, "உரிமையில இன்னும் ரெண்டு துண்டு போடு."

கிளம்பும்போது ஒரு தூக்குப் போசி நிறையக் குழம்பு வாங்கிப் போவது வழக்கம். தென்னந்தோப்புக் காவல்காரருக்காம். போன சனிக்கிழமை ராத்திரி அத்தையே போன் செய்தார். அவர் குரல் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"ஏண்டா, நாளைக்கு உங்க மாமன் லாட்டரி வாங்க வர்றாரா?"

"வருவாருங்க அத்தை."

"போன வாரம் லாட்டரியில எலும்பு ஜாஸ்தி. இந்த வாட்டி நெஞ்சுக்கறியாப் பாத்துப் போட்டு உடு."