பெரியவர்களின் வாட்ஸ்அப்

அலுவல் பேச்சு சொந்த போனில் கூடாது என்பது வால் ஸ்ட்ரீட் வங்கிகளின் பழைய விதி. அதை ஊழியர்களுக்கு ஓதிய மேலாளர்களே, வாட்ஸ்அப்பில் ஜோராக வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

2021 டிசம்பரில் ஜே.பி.மோர்கனுக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டு சேர்ந்து 20 கோடி டாலர் அபராதம் தீட்டின. பேசியது பெரிய குற்றமில்லை. பேசியதைப் பத்திரப்படுத்தாததுதான் குற்றம்!

அடுத்த செப்டம்பரில் பார்க்லேஸ், சிட்டி, கோல்ட்மேன் சாக்ஸ் என்று பெரிய வரிசையே நின்றது. மொத்த வசூல் 180 கோடி டாலருக்கு மேல். வாசலில் ஏழு பூட்டு, கொல்லைக் கதவு மட்டும் ஆஆவென்று திறந்து கிடந்த வீடு.

இத்தனைக்கும் 2014லேயே ஆண்ட்ராய்டு, அலுவலகத் தகவலுக்கென்று போனுக்குள் தனித் தடுப்பு கட்டி, அதன் செயலிகளில் கைப்பெட்டிச் சின்னமும் ஒட்டிக் கொடுத்திருந்தது. சின்னம் சின்னதாக இருந்ததால் பெரியவர்கள் கண்ணில் படவில்லை போலும்.