மலையைக் கெல்லி எலியைக் கொன்ற கதை

ஆஸ்திரேலிய அரசைப் பாராட்டியே ஆக வேண்டும். 2009-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாத ஓர் எலிக்கு 2019 பிப்ரவரியில் இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. எவ்வளவு சுறுசுறுப்பு! அதிலும் ஒரு நாசூக்கு: அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கு வலுவான பாதுகாப்பு என்று தலைப்பிட்ட செய்திக்குறிப்புக்குள் அந்தச் சாவை வைத்துத் தந்தார்கள். கல்யாணப் பத்திரிகைக்குள் கருமாதிக் கடுதாசி.

செத்துப்போனவரின் பெயர் பிராம்பிள் கே மெலோமிஸ். பூமி சூடேறியதால் அற்றுப்போன முதல் பாலூட்டி என்று விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இதற்குத் தனித் தீவே இருந்தது. டோரஸ் நீரிணையில் நாலைந்து ஹெக்டேர் மணல்திட்டு. அதன் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர்தான். உலகில் வேறெங்கும் இந்த எலி கிடையாது. நம்மூர்ப் பருப்புக்கீரை அங்கேயும் முளைக்கும். அதைத் தின்று, அதன் நிழலிலேயே ஒண்டிக்கொண்டு பிழைத்தது. பட்டா கேட்கவில்லை, மானியம் கேட்கவில்லை.

அந்த வட்டாரத்தில் கடல்மட்டம் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் உயர்ந்தது. உப்புநீர் ஏறி ஏறிப் பச்சையெல்லாம் கருகியது. 2004-இல் ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்த செடிகொடி, 2014 மார்ச்சில் பதினாறு சென்ட். நம் புறநகர் மனைப்பிரிவில் ஏழெட்டு வீடு கட்டும் இடம். ஓர் இனமே அதற்குள் குடியிருக்க வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

அரசு சும்மா இருந்தது என்று யாரும் அபாண்டம் பேசக்கூடாது. 2008-இலேயே மீட்புத் திட்டம் எழுதினார்கள். கடல் உயர்வாலும் புயலாலும் இந்தத் திட்டக் காலத்துக்குள் எலிக்குப் பெரிய பாதிப்பு வர வாய்ப்பில்லை என்று அதிலேயே தைரியமும் சொன்னார்கள். கடலுக்கு ஒரு நகல் அனுப்ப மறந்துவிட்டார்கள்போலும். அடுத்த வருடம் ஒரு மீனவர் அந்த எலியைப் பார்த்தார். பார்த்த கடைசி ஆள் அவர்தான். திட்டம் முழுதாக நிறைவேறவே இல்லை. காகிதம் பத்திரமாக இருக்கிறது, எலிதான் இல்லை.

கடலை உயர்த்திய சூட்டுக்குக் காரணமான கரிக்கோ ராஜமரியாதை. 2017 பிப்ரவரியில் அந்நாட்டு நிதியமைச்சர் ஸ்காட் மோரிசன் நாடாளுமன்றத்துக்குள் ஒரு நிலக்கரித் துண்டைக் கொண்டுவந்து தூக்கிக் காட்டினார். பயப்படாதீர்கள், இது உங்களை ஒன்றும் செய்யாது என்றார். கையில் கரி ஒட்டாதிருக்க அதற்கு மெருகு பூசியிருந்தார்கள். பக்கத்திலிருந்தவர்கள் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு அவர் பிரதமர்.

அதே 2018 நவம்பரில் கெய்ர்ன்ஸ் பகுதியில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. இரண்டே நாளில் ஒரே இனத்தைச் சேர்ந்த சுமார் 23,000 பழந்தின்னி வௌவால்கள் மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்து செத்தன. அந்த நாட்டிலிருந்த அவ்வினத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நாற்றம் தாங்காமல் சிலர் வீட்டைக் காலி செய்தார்கள். ஒன்றும் செய்யாத கரிதான் இவ்வளவும் செய்தது.

ஆஸ்திரேலியாக்காரனைத் திட்டிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளவும் வழியில்லை. எலிக்குச் சான்றிதழ் கொடுத்த நாலாவது மாதம், அந்த எலி வாழ்ந்த அதே குயின்ஸ்லாந்து மாநிலம், கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்கு இறுதி அனுமதி வழங்கியது. அனுமதி பெற்றது அதானி குழுமம். அகமதாபாத் முகவரி. மலையைக் கெல்லி எலியைப் பிடித்தது பழைய கதை. கரிக்காகப் பூமியைக் கெல்லி எலியைக் கொன்றது புதுக்கதை. அதில் நமக்கும் பங்கு உண்டு.

2014-இல் விஞ்ஞானிகள் அந்தத் தீவில் இரவெல்லாம் பொறி வைத்தார்கள், கேமரா வைத்தார்கள், பகலில் இண்டு இடுக்கு விடாமல் தேடினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. பொறி வைத்த இடம்தான் தப்பு ஐயா. கான்பெராவில் வைத்திருந்தால் ஆளுங்கட்சி வரிசையிலேயே அகப்பட்டிருப்பார்கள். டெல்லிக்கும் இரண்டு அனுப்பலாம். இங்கே தேங்காய்ச் சில்லுக்குப் பதில் கரித்துண்டு வைத்தாலே போதும், ஓடி வருவார்கள்.