கோபத்துக்கு ஆள் தெரியும்

கேள்வி: கோபம் வந்தால் தலையணையைப் போட்டு நாலு குத்து குத்தச் சொல்கிறான் என் மகன். குத்தினால் ஆத்திரம் அடங்குமா?
– தலையணைக்காகப் பரியும் தாய், ஈரோடு

பதில்: அடங்காது. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்துவிட்டார். ஆளுக்கொரு கட்டுரை எழுத வைத்து, இவ்வளவு மட்டமான கட்டுரையைப் படித்ததே இல்லை என்று சக மாணவர் யாரோ எழுதியதுபோல் ஒரு குறிப்பைக் கொடுத்து உசுப்பேற்றினார். பிறகு ஒரு கூட்டத்தை, திட்டியவரை மனதில் நிறுத்திக் குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு கூட்டத்தை உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தச் சொன்னார். மிச்சம் பேர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், திட்டியவர் காதில் இஷ்டம்போல் இரைச்சலைப் பாய்ச்ச எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு. எதிரியை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம். சும்மா இருந்தவர்கள்தான் அந்தக் காதைக் கொஞ்சம் விட்டுவைத்தார்கள்.

2024-இல் ஆய்வாளர் சோபி கேர்விக்கும் புஷ்மனும் 154 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோதும் இதே கதைதான். மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா கோபத்தைத் தணிக்கின்றன. வேர்க்க விறுவிறுக்க ஓடுவதோ ஏற்றிவிடுகிறது. காசு வாங்கிக்கொண்டு பழைய டிவியை உடைக்கவிடும் ‘ரேஜ் ரூம்’ முதலாளிகள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். பரவாயில்லை, உடைக்கச் சாமான் அவர்களிடமே இருக்கிறது.

கேள்வி: கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரிவதில்லை. ஆபீஸில் மட்டும் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். வீட்டில் முடியவில்லையே?
– பெயர் வேண்டாம், மனைவியும் இந்தப் பத்திரிகை படிக்கிறாள், திண்டுக்கல்

பதில்: கண்ணும் தெரிகிறது, மண்ணும் தெரிகிறது, எதிரில் நிற்பது மேனேஜரா மனைவியா என்பதும் நன்றாகவே தெரிகிறது. 1968-இல் டூப், கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் ஒரு வேலை செய்தார்கள். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் வேண்டுமென்றே நகராமல் ஒரு காரை நிறுத்தினார்கள். ஒரு நேரம் பளபளக்கும் கிரைஸ்லர், இன்னொரு நேரம் பழைய ஃபோர்டு. ஓட்டை வண்டி நின்றால் பின்னாலிருந்தவர்கள் சட்டென்று ஹாரன் அடித்தார்கள். பெரிய கார் நின்றால் பொறுமையோ பொறுமை. ஓட்டை வண்டியை இரண்டு பேர் பின்னாலிருந்து இடித்தே விட்டார்கள்! இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இதே நிலையில் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் தாளில் எழுதிக் கேட்டபோது, பெரிய காரைத்தான் முதலில் ஹாரன் அடித்து விரட்டுவோம் என்று ஆண்கள் வீரம் பேசினார்கள்.

உளவியலாளர் ஜேம்ஸ் அவெரில் 1982-இல் எழுதிய புத்தகத்திலும், நாம் பெரும்பாலும் கோபப்படுவது முன்பின் தெரியாதவர்களிடம் அல்ல, தெரிந்தவர்களிடமும் வேண்டியவர்களிடமும்தான் என்கிறார். எரிந்து விழுந்தாலும் ராத்திரி சோறு போடுவார்கள் என்ற தைரியம்தான், வேறென்ன?

கேள்வி: வெயிலுக்கும் கோபத்துக்கும் சம்பந்தம் உண்டா?
– வேர்வையோடு, வேலூர்

பதில்: உண்டு. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்திலும் இதே பச்சை விளக்கு விளையாட்டை நடத்திப் பார்த்தார்கள். 1986-இல் முடிவு வெளியானது. வெயில் ஏற ஏற ஹாரனும் ஏறியது. அதிலும் ஜன்னலை இறக்கிவிட்டு வந்தவர்கள், அதாவது ஏசி இல்லாதவர்கள், போட்டுத் தாக்கினார்கள். நம் ஊரில் இதை நடத்த முடியாது. பச்சை விழுவதற்கு முன்பே அடிக்கிறோமே.

கேள்வி: எல்லாம் அமெரிக்க ஆராய்ச்சிதானா? நம்மவர்கள் கோபத்தை ஆராயவில்லையா?
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, தாங்கள் அறியாததா? எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வெகுளியை வைத்த தொல்காப்பியர், அது பிறக்க நான்கே காரணம் என்று கணக்கையும் முடித்துவிட்டார். உறுப்பை வெட்டுவது, குடியைக் கெடுப்பது, அடித்தும் வைதும் அலைக்கழிப்பது, கொல்லத் துணிவது. ரசத்தில் உப்பு குறைந்தது, வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பதில் போடாதது, சம்பந்தி பத்திரிகையில் பெயரை விட்டது ஆகியவற்றை எந்த உரையாசிரியரும் சேர்க்கவில்லை.

கேள்வி: டீம் லீடருக்குக் காரசாரமாக ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: தாளில் எழுதி, கசக்கி, குப்பைக்கூடையில் எறியுங்கள். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் நொபுயுகி கவாய் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், அவமதிக்கப்பட்ட மாணவர்கள் தங்கள் மனநிலையை எழுதி அந்தத் தாளை எறிந்ததும் கோபம் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கே இறங்கியது. எழுதிப் பத்திரமாக வைத்துக்கொண்டவர்களுக்கு அந்த அளவு இறங்கவில்லை. கூடையை டீம் லீடர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: பசி வந்தால் என் கணவர் ஆளே மாறிவிடுகிறார். இது வியாதியா?
– சமையலறையிலிருந்து, காரைக்குடி

பதில்: புஷ்மன் இதையும் விடவில்லை. 107 தம்பதிகளுக்கு ஆளுக்கொரு துணிப் பொம்மையும் 51 ஊசிகளும் கொடுத்து, 21 நாள் இரவுதோறும் துணைமேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு ஊசி குத்தச் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்த இரவுகளில் பொம்மைக்கு ஊசி கூடியது. ஆகவே பேச்சைத் தொடங்கும் முன் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். யார் சமைப்பது என்பதுதான் சண்டையே என்றால் ஓட்டலுக்குப் போங்கள். பில் வரும்வரை அமைதிக்கு நான் பொறுப்பு.