சார்ட் பேப்பர்ப் பறவைகள்: வாழிடமும் இனப்பெருக்கமும்

சாலிம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலைப் பறவை பார்ப்பவர்கள் வேதம் என்பார்கள். அந்த வேதத்தில் பெரிய விடுபாடு ஒன்று இருக்கிறது. எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது தென்படும் ஒரு பறவைக் குடும்பத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. உடல் சார்ட் பேப்பர், இறகு கிளேஸ் பேப்பர், எலும்பு ஐஸ் குச்சி, குருதி ஃபெவிக்கால். இந்தக் குடும்பத்தை முறைப்படி வகைப்படுத்தி உலகுக்கு அறிவிப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் இனப்பெருக்கக் காலம். காட்டுப் பறவைகள் எப்போது கூடு கட்டும் என்பதை மழை, இரை, பகலின் நீளம் ஆகியவை தீர்மானிக்கின்றன. இக்குடும்பத்துக்கு அந்த வேலையைப் பள்ளியின் வாட்ஸப் குழு பார்த்துக்கொள்கிறது. இரவு எட்டு மணிவாக்கில், பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது, ‘அன்புள்ள பெற்றோர்களே, நாளை மாணவர்கள் தங்கள் கைப்பட ஒரு பறவை செய்து கொண்டுவர வேண்டும்’ என்ற செய்தி வந்து விழும். இறுதியில் இரண்டு கைகூப்பிய படங்கள் இருக்கும். அந்த நொடியிலிருந்து நள்ளிரவுக்குள் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து, வண்ணம் பூசிக் காயவும் வைத்துவிட வேண்டும். நவம்பர் 12 சாலிம் அலியின் பிறந்தநாள் என்பதால் அதை ஒட்டிய இரவுகளில் பிறப்பு விகிதம் கூடுகிறது. ‘தங்கள் கைப்பட’ என்பதில் வரும் கை யாருடையது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

வாழிடம், கூடத்துத் தரை. மின்விசிறி ஓடினால் வெட்டிவைத்த இறகுகள் சோபாவுக்கு அடியில் வலசை போய்விடும். நிறுத்தினால் தகப்பனுக்கு வியர்க்கும். வியர்த்த விரலால் கிளேஸ் பேப்பரைத் தொட்டால் அதன் சாயம் விரலில் ஏறி, விரலிலிருந்து பறவையின் வெள்ளை வயிற்றுக்கு இறங்கும். வெள்ளை வாத்துகள் பலவற்றின் வயிற்றில் இளஞ்சிவப்புக் கைரேகை காணப்படுவதன் காரணம் இதுவே.

இனி வகைகள். எண்ணிக்கையில் முதலிடம் உள்ளங்கை மயிலுக்கு. பிள்ளையின் கையில் நீலப் போஸ்டர் கலரைத் தடவித் தாளில் அழுத்தினால் உள்ளங்கை உடலாகும், கட்டைவிரல் கழுத்தாகும், மற்ற நான்கு விரல்களும் தோகையாகும். 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட இயற்கை மயிலுக்குத் தோகை இறகுகள் நூற்றுக்கும் மேல். மேலும், நாம் தோகை என்று கொண்டாடுவது அதன் வாலே அல்ல. வாலின் மேல்மூடி இறகுகள்தான் அப்படி நீண்டு வளர்கின்றன. உண்மையான வால் அதற்குப் பின்னால் குட்டையாக, யார் கண்ணிலும் படாமல், முட்டுக்கொடுத்து நிற்கிறது. தாள் மயிலுக்கு இந்தக் குட்டை வாலை யாரும் ஒட்டுவதில்லை. அதனால்தான் அது பள்ளி வேனிலேயே குப்புற விழுகிறது. முதுகில் ஐஸ் குச்சி ஒட்டுகிற தகப்பன் தன்னையறியாமல் பரிணாமத்தின் தீர்வையே மீண்டும் கண்டுபிடிக்கிறான்.

நிறத்திலும் ஒரு செய்தி உண்டு. மயிலின் நீலம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. அந்த அமைப்பு குலைந்தால் மிஞ்சுவது பழுப்புதான். போஸ்டர் கலரின் நீலமோ அசல் சாயம். பிள்ளையின் கையிலிருந்து சுவருக்கும், சுவரில் சாய்ந்த பாட்டியின் சேலைக்கும் போகும். அங்கே நிலைத்து நிற்கும்.

இந்த இனத்தில் பெண் மயில் கிடையாது. எந்தப் பள்ளிக் கண்காட்சிக்குப் போனாலும் சுவர் முழுக்க ஆண்களே. பெண்ணே இல்லாத இனம் எப்படிப் பெருகுகிறது என்று உயிரியலார் திகைக்கலாம். கடையில் சார்ட் பேப்பர் இருக்கும்வரை பெருகும் என்பது எமது விடை. ஆண் மயிலுக்குத் தனிச்சலுகை தருவது நம் மரபிலேயே இருக்கிறது. ஆண் பறவைகளைச் சேவல் என்று அழைக்க அனுமதி தந்த தொல்காப்பியர், மரபியலில் மயிலை மட்டும் விலக்கி வைத்திருக்கிறார்.

பஞ்சுக் கோழிக்குஞ்சு அடுத்தது. உடைந்த முட்டையோட்டுக்குள் மஞ்சள் பூசிய பஞ்சு உருண்டை, இரண்டு மிளகு கண்கள். இயற்கைக் குஞ்சு பொரிய இருபத்தொரு நாள் ஆகும். அலகு நுனியில் இருக்கும் சின்ன முட்டைப்பல்லால் உள்ளிருந்து ஓட்டைக் கொத்தி உடைத்து வரும். பஞ்சுக் குஞ்சின் ஓட்டை வெளியிலிருந்து உடைப்பவர் அம்மா. உள்ளே இருந்தது ஏற்கெனவே ஆம்லெட்டாகி அப்பாவின் தட்டுக்குப் போயிருக்கும். முட்டை புழங்காத வீட்டார் ஓட்டுக்காக எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவதும் களஆய்வில் பதிவாகியிருக்கிறது.

2 என்ற எண்ணிலிருந்து பிறக்கும் வாத்தை விரிவாக ஆராய வேண்டியதில்லை. அது எப்போதும் இடப்பக்கமே பார்க்கும். வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால் எண்ணைத் திருப்பிப்போட்டு எழுதும் பிள்ளை வேண்டும். அப்படிப்பட்டவர்களை ஆசிரியர்கள் ஒன்றாம் வகுப்பிலேயே திருத்திவிடுகிறார்கள்.

ஆய்வாளரைத் திணற அடிப்பது மலையிடைப் பறவைதான். இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே ஆறு, கரையில் ஒரு தென்னை, ஓட்டு வீடு. இந்த நிலப்பரப்பு இல்லாத ஓவிய நோட்டு இல்லை. அதன் வானத்தில் தலையும் காலும் இல்லாமல் இரண்டு வளைகோடுகளாகப் பறக்கிறதே, அது எது? கொக்கு என்பார் ஒரு சாரார், மாலையில் கூட்டமாகத் திரும்புவதால். ஆனால் கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டாலும் கால்களைப் பின்னால் நீட்டித்தான் பறக்கும். இதற்குக் கால்களே இல்லை. பருந்து என்றால், கரும்பருந்தின் வால் பிளந்திருக்கும். இங்கே வாலும் இல்லை. காகமும் அந்தியில் அடைய மரம் தேடித்தான் போகிறது. ஆனால் அந்தச் சூரியன் உதிக்கிறதா மறைகிறதா என்று ஓவியரே சொல்வதில்லை. கடைசியில் யு.கே.ஜி. படிக்கும் ஓவியர் ஒருவரையே அணுகினோம்.

“இது என்ன பறவை, கண்ணு?”

“பறவை.”

“அதுதான், என்ன பறவை? காக்காவா, கொக்கா?”

“பறவைப் பறவை, மாமா.”

இதைவிடத் துல்லியமான விடையை எந்த நிபுணரும் தந்துவிட முடியாது. அத்தனை தொலைவில் போகும் பறவையில் கண்ணுக்குத் தெரிவது சிறகசைவு மட்டும்தான். அந்தப் பெண் தெரிந்ததை மட்டும் வரைந்திருக்கிறாள். தெரியாத காலையும் வாலையும் தேடியவர்கள் நாங்கள்தான்.

செயல்பாடுகள் என்ற தலைப்பில் ‘பறவை பற’ விளையாட்டைச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து தரையில் விரலை ஊன்றுவார்கள். தலைவன் ஒவ்வொரு பெயராகச் சொல்வான். பறப்பதானால் விரலைத் தூக்க வேண்டும், பறக்காததற்குத் தூக்கினால் அவுட். கிளி, மைனா, குருவி என்று வேகமாகப் போய் நடுவில் எருமையைச் செருகுவதில் இருக்கிறது தலைவனின் திறமை. கவனியுங்கள், இது பறவைக்கான தேர்வு அல்ல, பறத்தலுக்கான தேர்வு. அதனால் வௌவால் தேறிவிடும், நெருப்புக்கோழி தோற்றுவிடும். கோழி வரும்போதுதான் சபை இரண்டுபடும். “எங்க ஆயா வீட்டுல கோழி முருங்கை மரத்துல ஏறித்தான் தூங்கும்” என்று ஊரிலிருந்து வந்த பிள்ளை சாட்சி சொல்லும். “ஏறும்டா, பறக்காது” என்பான் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவன். அறிவியல் ஊர்ப் பிள்ளையின் பக்கம்தான். கோழியின் மூதாதையான காட்டுக்கோழி இரவானால் இறகடித்து மரத்துக்குத்தான் போகிறது. ஆனால் தீர்ப்பு சொல்லும் உரிமை தலைவனுக்கு, தலைவனோ அடுக்குமாடிக் கட்சி.

கூடு செய்யும் பாடம் ஒன்று தனியே உண்டு. தேங்காய் நாரைச் சுற்றித் தூக்கணாங்குருவிக் கூடு செய்வார்கள். இயற்கையில் கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. பாதி முடிந்த நிலையில் பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். ஆண் அதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றைத் தொடங்கும். இரவு பதினோரு மணிக்குச் சமையலறை வாசலில் நின்று, “இதென்ன கூடா, பாத்திரம் தேய்க்கிற நாரா?” என்ற குரலைக் கேட்டுப் பிரித்துப்போட்டு மீண்டும் தொடங்கிய தகப்பன்மார்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

பறவை செய்வதில் தமிழர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் அமரும் கிளியை ஒவ்வொரு நாளும் பச்சை இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள், மாதுளம்பூவால் மூக்கு வைக்கிறார்கள். நாள்தோறும் கெடு, நாள்தோறும் கிளி, பதற்றம் இல்லை. காரணம் எளிது: நாளைக்கும் கிளி வேண்டும் என்பது அவர்களுக்கு இன்றே தெரியும்.

இக்குடும்பத்தில் காகம் ஏன் இல்லை என்பது விடை தெரியாத கேள்வி. பாரதியின் பாப்பா பாட்டில் குருவியும் கோழியும் வந்த கையோடு காக்கையும் வந்துவிடுகிறது. கைவினைப் பட்டியலிலோ மயில், கிளி, வாத்து, ஆந்தை, இப்போது பென்குயின்வரை வந்தாயிற்று. கருப்பு சார்ட் பேப்பரைப் பின்னணிக்கு மட்டுமே வாங்குகிறார்கள். ஒரு காலையில் நாங்கள் தாள் மயிலைக் கசங்காமல் பையில் வைக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, அதன் உரிமையாளன் மாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே ஒரு காகம் காய்ந்த சப்பாத்தித் துண்டைக் கவ்வி வந்து, தண்ணீர்ச் சட்டியில் போட்டு, புரட்டி, ஊறியதா என்று அலகால் அமுக்கிப் பார்த்து, மறுபடி முக்கி எடுத்துத் தின்றது. வேன்காரர் இரண்டாம் முறை ஹாரன் அடிக்கும்வரை அவன் அசையவில்லை. மயிலை வாங்கிக்கொண்டு போகும்போது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று நடந்துவருகிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி எழுதினால் போதும். பசை வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். ஐந்து வயதுக்காரர் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நிற்பாரா என்று கேட்கலாம். காகம் சப்பாத்தி நனைத்தால் நிற்பார்.

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரைகள் இரண்டு. காகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், கருப்புத் தாள் எல்லார் வீட்டிலும் மிச்சம் கிடக்கிறது. திங்கட்கிழமைக்குப் பறவை வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள். எங்கள் தெரு ஸ்டேஷனரிக் கடையில் ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள்.